கடலுக்குள் மூச்சு விட்ட மனிதர்



இந்த முறை நான் எழுதுவது ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றி. பவளப்பாறை பார்க்கப் போகிறவர்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கருவியை உண்டாக்கிய இரண்டு பேரில் இவரும் ஒருவர்.

கூஸ்தோ 1910 ஜூன் 11-ல் பிரான்சில் பிறந்தார். கடற்படையில் சேர்ந்தார். விமானம் ஓட்ட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. ஆனால் ஒரு கார் விபத்தில் அவருடைய கைகள் முறிந்துபோயின. விமான ஆசையும் போய்விட்டது. கைக்குப் பலம் வர தூலோன் நகரத்துக் கடலில் நீந்தினார். அப்போது ஒரு நண்பர் கொடுத்த நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தார். அன்றிலிருந்து அவர் மனசு கடலுக்குள்ளேயே போய்விட்டது.

நாம் கிணற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கினால் எவ்வளவு நேரம் இருக்க முடியும்? கொஞ்ச நேரம்தான். அந்தக் காலத்தில் ஆழத்துக்குப் போகிறவர்கள் பெரிய உலோகத் தொப்பியும் ஈயம் வைத்த பூட்சும் போட்டு, மேலே படகிலிருந்து வரும் குழாய்க் காற்றைச் சுவாசித்தார்கள். மீன் மாதிரி இஷ்டத்துக்கு நீந்த முடியாது. இதற்கு வழி கண்டுபிடிக்க எமில் கான்யான் என்ற பொறியாளர் கூஸ்தோவுடன் சேர்ந்தார். அது இரண்டாம் உலகப்போர் நேரம். பெட்ரோல் கிடைக்காததால் கார்களை கேஸில் ஓட்டினார்கள். அதற்காக கான்யான் ஒரு ரெகுலேட்டர் செய்திருந்தார். நம்ம வீட்டு கேஸ் சிலிண்டரில் இருக்கிறதே, அதே வேலைதான். அதை மாற்றி அமைத்து, மூச்சு இழுக்கும்போது மட்டும் காற்று வரும்படி செய்தார்கள். ஆழம் கூடக் கூட தண்ணீரின் அழுத்தம் கூடும் அல்லவா? அதே அழுத்தத்தில் காற்றும் வரும். 1943-ல் கூஸ்தோ இதை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். அவர் மனைவி சிமோன் மூச்சுக்குழலை வாயில் வைத்து மேலே மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாராம்.

1950-ல் கலிப்ஸோ என்ற பழைய கப்பல் கிடைத்தது. வாடகை வருசத்துக்கு ஒரு ஃபிராங்க் மட்டும்! செலவுக்கு சிமோன் தன் நகைகளை விற்றார். அடுத்த வருசமே செங்கடலுக்குப் போனார்கள். அங்கேதான் பவளப்பாறைகள் நிறைய இருக்கு. பவளப்பாறை என்றால் வெறும் கல் இல்லை. குட்டிக் குட்டி உயிர்கள் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டும் வீடு அது. குண்டாக வளரும் பவளம் ஒரு வருசத்தில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். கடலின் அடித்தரையில் நூற்றில் ஒரு பங்குகூட பவளப்பாறை கிடையாது. ஆனால் கடல் உயிரினங்களில் கால்வாசி இனங்கள் அதை நம்பி வாழ்கின்றன.

1956-ல் வந்த இவருடைய கடல் படம் கான் விழாவில் முதல் பரிசும், பிறகு ஆஸ்கார் விருதும் வாங்கியது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு காட்சி பற்றிப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு பவளப்பாறையில் எத்தனை வகை மீன் இருக்கு என்று எண்ணுவதற்காக வெடி வைத்தார்கள். மீன்கள் எல்லாம் செத்து மிதந்தன. சுறாக்களையும் அடித்துக் கொன்றார்கள். இவரையா பெரிய மனிதர் என்று எழுதப் போகிறோம் என்று நினைத்தேன். வேறு யாரையாவது எழுதலாமா என்றும் தோன்றியது. மேலே படித்த பிறகுதான் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஏனென்றால் அவர் அப்படியே இருக்கவில்லை. 1960-ல் மத்தியதரைக் கடலில் அணுக்கழிவைக் கொட்டப் போனபோது எதிர்த்து நின்று தடுத்தார். 1963-ல் சூடான் நாட்டுப் பக்கம் செங்கடலில் 10 மீட்டர் ஆழத்தில் நட்சத்திர மீன் வடிவத்தில் ஒரு வீடு வைத்தார். அதில் 5 பேர் ஒரு மாதம் தங்கி பவளப்பாறையையும் மீன்களையும் பார்த்தார்கள். கூட ஒரு கிளியும் இருந்தது! அந்த இடத்தில் மிச்சம் கிடக்கும் இரும்பின் மேல் பிறகு பவளம் வளர்ந்துவிட்டது. 1973-ல் கடலைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். தொலைக்காட்சி மூலம் கடலையே பார்க்காதவர்களுக்கும் கடலைக் காட்டினார்.

துன்பமும் வந்தது. 1979-ல் அவருடைய இளைய மகன் பிலிப் விமான விபத்தில் இறந்தார். 1990-ல் சிமோன் காலமானார். 1996-ல் சிங்கப்பூரில் ஒரு படகு மோதி கலிப்ஸோ மூழ்கியது. அதற்கு அடுத்த வருசம் ஜூன் 25-ல், 87 வயதில், கூஸ்தோவும் மறைந்தார்.

இப்போது பவளப்பாறைக்கு வெடியைவிடப் பெரிய ஆபத்து சூடு. கடல் தண்ணீர் சூடானால் பவளத்துக்குள் இருந்து உணவு கொடுக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். சூடு குறையாவிட்டால் செத்துவிடும். பார்க்கப் போகிறவர்களும் கவனமாக இருக்கணும். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது, தொடக் கூடாது, ஒடித்து எடுத்து வரக் கூடாது, மீனுக்குத் தீனி போடக் கூடாது.

மீனை எண்ண வெடி வைத்தவரே, பிறகு மீனுக்காகப் பேசினார். ஒன்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அதை அழிக்க வேண்டியதில்லை. இதுதான் கூஸ்தோவின் வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்டது. நீங்களும் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி