69 ஆண்டு ராஜா, 20 ஆண்டு அதிகாரம், 360 சீட்டு: டாரட் தெரிஞ்ச உங்களுக்கு மும்மடி கிருஷ்ணராஜ உடையாரைத் தெரியுமா?

உங்க இன்ஸ்டாகிராம் ஃபீடில் வாரத்துக்கு ஒரு தடவையாவது டாரட் வந்துடும். யாரோ ஒருத்தர் மூணு சீட்டை எடுத்து வெச்சு, இந்த மாசம் உங்க வேலை மாறும்னு சொல்வார். அலுவலகத்துல ஒரு தோழி, ரைடர்-வெயிட் ஒண்ணு, மார்செய் ஒண்ணு, தோத் ஒண்ணுன்னு தனித்தனியா சீட்டுக்கட்டு வாங்கிச் சேர்ப்பார். எதை முதல்ல வாங்கறது, எந்தக் கட்டு யாருக்குப் பொருந்தும்னு மணிக்கணக்குல பேசலாம்.

ஆனா நம்ம பக்கத்து ஊர் அரண்மனை ஒன்றில், ஒரே மனிதர் 13 வகை சீட்டாட்டங்களை உருவாக்கினார் என்பதும், அதற்கான கட்டுகள் 36 சீட்டில் தொடங்கி 360 சீட்டு வரை போயின என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். மைசூர் ராஜா. மும்மடி என்றால் மூன்றாமவர். அவருடைய கதையை எண்களோடு பார்க்கலாம், வாங்க.

கதை குடிபாலா பக்கத்தில் ஏன் தொடங்குகிறது?

வேலூரிலிருந்து சித்தூர் போகும் சாலையில் குடிபாலாவைத் தாண்டியிருப்பீங்க. கடைப் பலகையில் தெலுங்கு, கடைக்குள்ளே தமிழ் என்று இருக்கும் எல்லை ஊர். இந்தச் சித்தூர் வட்டாரத்தில், நரசிங்கராயனிபேட்டை என்ற இடத்தில் போட்டிருந்த முகாமில்தான் 1782 டிசம்பர் 7-ஆம் தேதி ஹைதர் அலி இறந்தார். மகன் திப்பு அப்போது மேற்குக் கடற்கரையில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை ஹைதரின் மரணத்தைப் படைக்குத் தெரியாமல் மறைத்து வைத்தார்கள்.

ஹைதர் காலத்தில் மைசூரின் அதிகாரம் முழுக்க அவர் கையில்தான். உடையார் குடும்பத்துக்கு அரியணை பெயரளவில் மட்டும் இருந்தது. ராணி லட்சுமி அம்மணி இதை ஏற்கவே இல்லை. 1782-லேயே அவருடைய தூதர் திருமலை ராவ் மூலம் ஆங்கிலேயர்களோடு ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டார். ராஜ்யத்தை மீட்டுக் கொடுத்தால் பணம் தருகிறோம் என்பது அதன் சாரம். அது பலிக்க 17 ஆண்டுகள் ஆனது.

1794 ஜூலையில் கிருஷ்ணராஜர் பிறந்தார். 1796-இல் அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு பெயருக்குக்கூட ஒரு உடையாரை அரியணையில் உட்கார வைக்கத் திப்பு விரும்பவில்லை. அரண்மனையை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பம் ஒரு சாதாரண வீட்டில் இருந்தது. 1799 மே 4-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு கொல்லப்பட்டார். திப்புவின் பிள்ளைகள் வேலூர் கோட்டைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தக் கோட்டைதான் 1806 ஜூலையில் சிப்பாய் எழுச்சியைப் பார்த்தது.

இங்கே மைசூரில், 1799 ஜூன் 30-ஆம் தேதி ஒரு பந்தலுக்குள் முடிசூட்டு விழா. ராஜாவுக்கு இன்னும் 5 வயது நிரம்பவில்லை.

ராஜா கையில் எவ்வளவு நாள் அதிகாரம் இருந்தது?

இங்கேதான் எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும்.

- 1799 முதல் 1811 வரை: ராஜா சிறுவன். திவான் பூர்ணையா ஆட்சி நடத்தினார். இதே பூர்ணையா முன்பு திப்புவிடமும் அமைச்சராக இருந்தவர்.
- 1811 முதல் 1831 வரை: ராஜாவே ஆண்டார். 20 ஆண்டுகள்.
- 1831 முதல் 1868 வரை: ராஜா பட்டம் உண்டு, ஆட்சி இல்லை. 37 ஆண்டுகள்.

மொத்தம் 69 ஆண்டுகள் அரியணையில் இருந்தவருக்கு அதிகாரம் இருந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான காலம்தான்.

1831-இல் என்ன நடந்தது? 1799 ஒப்பந்தப்படி மைசூர் ஆண்டுதோறும் 7 லட்சம் நட்சத்திர வராகன் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். அந்தக் கால ரூபாயில் 24.5 லட்சம். வரி வசூலுக்கு நெருக்கடி கூடியது. 1830-இல் நகர் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி, கவர்னர் ஜெனரல் பென்டிங்க் 1831 அக்டோபரில் ஆட்சியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அமைத்த விசாரணைக் குழு, ராஜா மீதான புகார்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்ற முடிவுக்கு வந்தது. ஆனாலும் எடுத்ததைத் திருப்பித் தரவில்லை.

அதற்காக ராஜா மீது தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. அரண்மனைச் செலவு அதிகம், கடனும் இருந்தது. ஆனால் தண்டனை தப்பின் அளவுக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி.

அவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் நட்சத்திர வராகனும், நிகர வருவாயில் 5-இல் 1 பங்கும் ஒதுக்கினார்கள். கையில் பணம் இருக்கு, பட்டம் இருக்கு, செய்ய வேலை மட்டும் இல்லை. வயது 37. இன்னும் 37 ஆண்டு வாழப் போகிறார் என்று அன்று அவருக்குத் தெரியாது.

உங்க டெசிக்னேஷனை அப்படியே விட்டுட்டு, கையெழுத்துப் போடும் உரிமையை மட்டும் எடுத்துட்டா எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அந்த நிலைமைதான்.

அப்போ சீட்டுக்கட்டு எங்கே வருது?

மைசூர் அரண்மனை அந்த ஆண்டுகளில் ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், பண்டிதர்கள் கூடும் இடமானது. அங்கே உருவான பெரிய படைப்பு ஸ்ரீதத்துவநிதி. தெய்வ உருவங்களின் இலக்கணத்தைப் படங்களோடு சொல்லும் தொகுப்பு. ஒன்பது நிதிகள், அதாவது ஒன்பது பகுதிகள். கடைசிப் பகுதியின் பெயர் கௌதுக நிதி. ஆர்வமூட்டும் விஷயங்களின் கருவூலம்னு வெச்சுக்கலாம்.

அதில் 122 யோகாசனப் படங்கள் இருக்கின்றன. இன்று மைசூர் யோகா என்று நீங்க வகுப்புக்குப் போனால், அதன் வரலாற்றைத் தேடுகிற ஆய்வாளர்கள் வந்து நிற்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அதே பகுதியில்தான் சீட்டாட்டங்களும் இருக்கின்றன. சீட்டின் வடிவம், நிறம், அதில் வர வேண்டிய உருவம் எல்லாம் வண்ணப் படங்களாக. இவற்றுக்குச் சத் என்று பெயர். 13 வகை. வழக்கமான ஒரு நிறத்தில் 12 எண் சீட்டு, 6 படச் சீட்டு, ஆக 18. சில ஆட்டங்களில் 18 நிறங்கள் வரை உண்டு. எப்போதும் துருப்பாகவே இருக்கும் சீட்டுகளும் உண்டு, எதற்கும் பதிலாகப் போடக்கூடிய சீட்டுகளும் உண்டு.

நம்ம வீட்டு ரம்மி கட்டில் 52 சீட்டு. டாரட்டில் 78. ராஜாவின் பெரிய கட்டில் 360. கையில் விசிறி மாதிரி பிடிப்பதை மறந்துடுங்க.

சீட்டோடு நின்றவரும் இல்லை அவர். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களையும், ஒரு கட்டத்தை இரண்டு தடவை மிதிக்காமல், குதிரையால் சுற்றிவர வைக்கும் புதிருக்குப் பல விடைகள் கண்டுபிடித்தவர். பலகை விளையாட்டுகளும் நிறைய வகுத்தார்.

இந்தக் கட்டுகளுக்கு மூலம் எது?

கஞ்சீஃபா. வட்டச் சீட்டு. பாபர் 1527-இல் சிந்து அரசருக்குக் கஞ்சீஃபா அனுப்பியதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முகலாயக் கட்டில் 8 நிறம், 96 சீட்டு. நம்ம ஆட்கள் அதை எடுத்து தசாவதாரக் கட்டாக மாற்றினார்கள்: 10 அவதாரம், ஒவ்வொன்றுக்கும் 12 சீட்டு, ஆக 120. பொதுவாக மூணு பேர் ஆடுவார்கள், ஆளுக்கு 40. பல இடங்களில் பகலில் ஆடினால் ராமர் வைத்திருப்பவர் தொடங்குவார், இரவில் என்றால் கிருஷ்ணர் வைத்திருப்பவர்.

ஒரு சுவையான ஒற்றுமை. கஞ்சீஃபாவில் பாதி நிறங்களில் 10 பெரிய எண், மீதிப் பாதியில் வரிசை தலைகீழ், அங்கே 1 தான் பெரிசு. பழைய டாரட் ஆட்டத்திலும் இதே முறை: வாளிலும் தடியிலும் 10 பெரிசு, கோப்பையிலும் காசிலும் 1 பெரிசு.

என்னது, டாரட் ஆட்டமா? ஆமாம். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் டாரட் பிறந்தது விளையாடத்தான். அதை வைத்துக் குறி சொல்வது பரவலானது 1780-களில், பிரான்சில். இன்று நீங்க பார்க்கும் பெரும்பாலான கட்டுகளுக்குத் தாய், 1909-இல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு.

கஞ்சீஃபா அந்தப் பக்கம் போகவில்லை, ஆட்டமாகவே நின்றது. நம்ம ஊரில் சீட்டு எடுத்துக் குறி சொல்லும் வேலையைக் கிளி பார்த்துக்கொண்டது.

ராஜாவின் பெரிய ஆட்டம் எது?

சீட்டு அல்ல. வாரிசு.

டல்ஹவுசி காலம் அது. பெற்ற மகன் இல்லையென்றால் ராஜ்யம் கம்பெனிக்கு என்று 1848-இல் சதாரா போனது. ஜான்சி, நாக்பூர் என்று வரிசையாகப் போனது. 1855-இல் தஞ்சாவூர் மராட்டிய அரச பட்டமும் முடிந்தது. கிருஷ்ணராஜருக்கும் பட்டத்துக்கு உரிய ஆண் வாரிசு இல்லை. வயதோ ஏறிக்கொண்டே போகிறது. அவர் கண்ணை மூடினால் மைசூர் என்ற பெயரே வரைபடத்தில் இருக்காது.

அவர் வாள் எடுக்கவில்லை. 1857-இல் ஆங்கிலேயர் பக்கமே நின்றார். ஆட்சியைத் திருப்பித் தாருங்கள் என்று மனுவுக்கு மேல் மனு போட்டார். கல்கத்தா மறுத்தால் லண்டன். 1865-இல், 2 வயதுக் குழந்தை சாமராஜேந்திரரைத் தத்தெடுத்தார். முதலில் ஏற்கவில்லை. 1867-இல் லண்டன் இறங்கி வந்தது: குழந்தை பெரியவனானதும் ராஜ்யம் அவனுக்கே.

1868 மார்ச் 27-ஆம் தேதி, 73 வயதில் கிருஷ்ணராஜர் இறந்தார். அன்று சாமராஜேந்திரருக்கு வயது 5. தாத்தா முறையில் இருந்தவர் எந்த வயதில் அரியணை ஏறினாரோ, கிட்டத்தட்ட அதே வயது. 1881 மார்ச்சில் ஆட்சி முறைப்படி மைசூருக்குத் திரும்பியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

சீட்டுகள் என்ன ஆயின?

அச்சடித்த 52 சீட்டுக் கட்டு மலிவாக வந்தது. கையால் வரைந்த கஞ்சீஃபா அதோடு போட்டி போட முடியவில்லை. ராஜாவின் சத் ஆட்டங்களோ அரண்மனைச் சுவரைத் தாண்டி வந்ததற்கே தடயம் குறைவு. அவை இன்று பெரும்பாலும் ஏட்டிலும், அருங்காட்சியகத்திலும்தான். 20-ஆம் நூற்றாண்டில் மும்பையில் வாழ்ந்த ஜெர்மானியரான ரூடால்ஃப் ஃபான் லேடன், இந்தியா முழுக்கக் கட்டுகளைத் தேடிச் சேகரித்து, மைசூர் சீட்டுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். மைசூர் கஞ்சீஃபாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நீங்க ஒரு கட்டு வாங்கணும்னா?

முதலில் சீட்டை எண்ணுங்க. 96 என்றால் முகலாய வகை, 120 என்றால் தசாவதாரம். அழகுக்காக நாலு சீட்டை மட்டும் சட்டம் போட்டு விற்பதும் உண்டு. அது சுவருக்கு, ஆட்டத்துக்கு ஆகாது. தந்தத்திலும் ஆமை ஓட்டிலும் செய்த பழைய தர்பார் சீட்டு என்று யாராவது நீட்டினால் ஒதுங்கிடுங்க, வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். துணியிலோ காகிதத்திலோ கையால் வரைந்த புதுக் கட்டு போதும். பின்பக்கம் எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி இருக்கா என்று பாருங்க. இல்லைன்னா ஆட முடியாது, எந்தச் சீட்டு யார் கையில் என்று தெரிஞ்சுடும்.

வாங்கினதும் அலமாரியில் பூட்டாம, இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டு ஒரு துணியை விரிச்சு ஆடிப் பாருங்க. மும்மடி கிருஷ்ணராஜர் காப்பாற்றிய ராஜ்யம் 1881-இல் திரும்பி வந்தது. அவர் வகுத்த ஆட்டங்கள் இன்னும் வரவில்லை. அதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை, மூணு பேர் உட்கார்ந்தால் போதும்.