போஜ் ராஜ் சேத்

போஜ் ராஜ் சேத் (1907 – 1979) இந்தியக் கணிதவியலாளரும் இயக்கவியல் அறிஞரும் ஆவார். திண்மப் பொருள்கள் பெருமளவில் உருமாறும்போது அவற்றின் திரிபை அளப்பது பற்றிய ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். உலோகங்களை உருட்டியும் இழுத்தும் வடிவமைப்பதைக் கணினியில் பாவனை செய்வதற்கு இத்தகைய அளவுகள் அடிப்படையாகும்.

வாழ்க்கை

இலண்டனில் உயர்கல்வி பெற்ற சேத், தில்லி இந்துக் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். 1951இல் தொடங்கப்பட்ட கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதத் துறையின் முதல் தலைவரானார். 1955இல் கோட்பாட்டு, பயன்பாட்டு இயக்கவியலுக்கான இந்தியக் கழகத்தை நிறுவினார். பின்னர் அசாமின் திப்ருகார் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

திரிபளவுகள்

பழைய மீட்சியியல் கோட்பாடு மிகச் சிறிய திரிபுகளுக்கே பொருந்தும். 1935இல் வெளியிட்ட ஆய்வில் சேத், உருமாறிய வடிவத்தை அடிப்படையாகக் கொண்ட திரிபளவைக் கையாண்டார். இதன்படி கம்பியை எவ்வளவு நீட்டினாலும் திரிபு 0.5ஐத் தாண்டாது. எனவே தகைவும் எல்லைக்குட்பட்டே இருக்கும்.

1960களில் இதனைப் பொதுமைப்படுத்தி, ஓர் அடுக்கெண்ணை மாற்றுவதன் மூலம் பல திரிபளவுகளைத் தரும் வாய்பாட்டை அளித்தார். எடுத்துக்காட்டாக, 1 மீட்டர் தண்டு 2 மீட்டராக நீண்டால், பொறியியல் திரிபு 1. மடக்கைத் திரிபு ஏறத்தாழ 0.693, சேத் 1935இல் கையாண்ட அளவு 0.375. 1968இல் இங்கிலாந்தின் ரோட்னி ஹில் இக்கருத்தை விரிவாக்கியதால், இவை சேத்–ஹில் திரிபளவுகள் எனப்படுகின்றன.

நிலைமாற்றக் கோட்பாடு

உலோகம் மீட்சி நிலையிலிருந்து குழைவு நிலைக்கு மாறும் இடத்தைக் குறிக்க, திரெஸ்கா (1864), வான் மீசெசு (1913) ஆகியோரின் விதிகள் வழக்கிலிருந்தன. இவ்விதிகளைத் தனியே புகுத்தத் தேவையில்லை, அம்மாற்றம் வகைக்கெழுச் சமன்பாடுகளிலிருந்தே வெளிப்பட வேண்டும் என்பது சேத்தின் நிலைப்பாடு. ஆயினும் மேற்கூறிய திரிபளவு தரும் தகைவு எல்லை, மீட்சிக் குணகத்தில் பாதியாகும். எஃகிற்கு இது சுமார் 100 கிகாபாசுக்கல். மென்னெஃகோ சுமார் 250 மெகாபாசுக்கலிலேயே குழையத் தொடங்குகிறது. ஆகையால் பொறியாளர்கள் பழைய விதிகளையே தொடர்ந்து பயன்படுத்துகின்றனர்.

கணினிப் பாவனையில்

உலோகத்தை உருமாற்றச் செலவாகும் வேலையின் பெரும்பகுதி வெப்பமாகிறது என்பதை டெய்லர், குவின்னி ஆகியோர் 1934இல் அளந்து காட்டினர். பாவனை நிரல்கள் ஒவ்வொரு படியிலும் திரிபையும் தகைவையும் கொண்டு இவ்வேலையைக் கணித்து, அதில் பெரும்பாலும் 90 விழுக்காட்டை வெப்பமாகக் கொள்கின்றன. வெப்பம் உலோகத்தை மென்மையாக்கி அடுத்த படியின் திரிபை மாற்றும். திரிபளவும் தகைவளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடில் வேலை பிழையாகும். அதனால் வெப்பநிலையும் பிழையாகும். படிப்படியான நீட்சிகளைக் கூட்டிக்கொள்ள இயலும் என்பதால், வடிவமைப்புக் கணிப்புகளில் மடக்கைத் திரிபே மிகுதியாக வழங்குகிறது. அதுவும் சேத்–ஹில் குடும்பத்தைச் சேர்ந்ததே.