எரிக் லிடெல்

வெற்றி வீரர்க்குச் சூட்டும் மாலை அன்று மாலையே வாடுவது. ஆதலின், தம் மண்ணில் தோன்றிய விளையாட்டு வீரரைப் பின்வருவோர் மறவாதிருத்தற்பொருட்டுப் புகழ் மண்டபங்கள் ஏற்படுத்தி, அவர்தம் பெயரைப் பதித்து வைப்பது மேனாட்டார் வழக்கம். 2002ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் அத்தகைய மண்டபமொன்று ஏற்பட்டபோது, முதன்முதல் சேர்க்கப்பெற்றவர்களுள் எடின்பரோ நகரத்தார் உரிமையோடு போற்றும் எரிக் லிடெல் ஒருவராவர். அவர் மறைந்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரது சரித்திரம் மாணவராகிய நாம் அறியத்தக்கது.

நம் நாகர்கோவில், சேலம் முதலிய இடங்களிலும் ஊழியஞ் செய்த லண்டன் மிஷன் சங்கத்தாரால் சீனாவுக்கு அனுப்பப்பட்ட ஸ்காட்லாந்து மிஷனெரி ஒருவரின் புதல்வராக, 1902 ஜனவரி 16இல் டியன்ட்ஸின் நகரில் லிடெல் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரைப் பிரிந்து, இங்கிலாந்தில் மிஷனெரிகளின் புதல்வர்க்கென அமைந்த பள்ளியில் பயின்றார். 1920இல் எடின்பரோ சர்வகலாசாலை சேர்ந்து விஞ்ஞானம் கற்றார். ரக்பி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் சார்பாக ஏழுமுறை ஆடினார். 1923இல் 100 கஜத் தூரத்தை 9.7 விநாடியில் கடந்தார். அவ்வாண்டே 440 கஜப் பந்தயமொன்றில் இடறுண்டு புல்தரையில் விழுந்தவர், எழுந்தோடி, முன் சென்றாரனைவரையும் வென்றார்.

1924இல் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. 100 மீட்டர் ஓட்டத்தின் முதற் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வருவதைப் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்த லிடெல், ஓய்வுநாளில் ஓடுவதில்லையென உறுதியாக மறுத்தார். தொடரோட்டங்களிலும் அக்காரணம்பற்றியே சேர்ந்திலர். தமக்குரியதன்று எனப் பலர் கருதிய 400 மீட்டர் ஓட்டத்திற்குப் பயின்று, ஜூலை 11இல், மைதானத்தின் கடைப்புற வரிசையில் நின்றோடி, 47.6 விநாடியில் முதற்பரிசு பெற்றார். சில நாட்களில் எடின்பரோவில் பட்டமளிப்பு விழா நிகழ்ந்தது. சர்வகலாசாலைத் தலைவர் ஒலிவ இலை முடி சூட்ட, மாணவர் அவரைத் தோளில் சுமந்து வீதியிற் சென்றனர்.

மறு ஆண்டே அப்புகழனைத்தையும் பின்னிட்டு அவர் சீனாவுக்கு ஏகினார். டியன்ட்ஸின் கலாசாலையில் விஞ்ஞானம் போதித்தார். 1932இல் குருப்பட்டம் பெற்றார். 1934இல் பிளாரென்ஸ் என்னும் மங்கையை மணந்தார். பின்னர் யுத்தம் மூண்ட நாட்டுப்புறத்தில் ஊழியஞ் செய்யலாயினார். அபாயம் மிகவே, 1941இல் கருவுற்றிருந்த மனைவியையும் பெண்மக்கள் இருவரையும் கானடாவுக்கு அனுப்பினார். அங்கே பிறந்த மூன்றாம் மகளை அவர் கண்டிலர்.

1943இல் ஜப்பானியர் அவரை வெய்சியன் சிறைமுகாமில் அடைத்தனர். பெற்றோரைப் பிரிந்த பள்ளிச் சிறுவர் பலர் அங்கிருந்தனர். அவர்களுக்குப் பாடஞ் சொல்லியும், ஆட்டங்கள் அமைத்தும், தந்தைபோல் விளங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆட்டமில்லையென்பது அவர் ஏற்பாடு. பிள்ளைகள் அதற்கிணங்காமல் தாமாகவே ஹாக்கி ஆடினர். மத்தியஸ்தரின்மையால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. லிடெல் ஆழ்ந்து சிந்தித்தார். அடுத்த ஞாயிறன்று அவரே மைதானத்தில் மத்தியஸ்தராக நின்றார்.

பாரிஸில் பெரும்புகழுக்கும் தளராதவர், பட்டினி நிறைந்த முகாமில் சில சிறுவர்க்காகத் தளர்ந்தது ஏன்? பாரிஸில் அவ்விரதத்தினால் இழப்பெய்தியவர் அவரொருவரே. வெய்சியனிலோ அவ்விழப்பு, வேறு ஆறுதலற்ற பிள்ளைகளைச் சார்ந்தது. தாம் சுமந்த பாரத்தைச் சிறுவர்மேல் ஏற்ற அவர் மனம் ஒருப்படவில்லை. முன்னது அவரது பக்தியையும் பின்னது அவரது அன்பையும் காட்டும். இரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை.

1945 பெப்ருவரி 21இல், முகாம் விடுதலையடைவதற்கு ஆறு மாதம் முன்னர், மூளையிற் கண்ட கட்டியினால், 43ஆம் வயதில் அவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். 1991இல் எடின்பரோ சர்வகலாசாலையார் ஸ்காட்லாந்தின் மல் தீவினின்றும் கருங்கல் கொணர்ந்து அவ்விடத்தில் நினைவுச்சின்னம் நாட்டினர். எடின்பரோவில் 1980இல் தோன்றி அவர் பெயர் தாங்கிய அறநிலையம், ஞாபகசக்தி குன்றிய முதியோரைப் பேணி வருகின்றது.

தோழர்களே, நம் மைதானத்திலும் வேகமாய் ஓடுவோர் உளர். பரிசு பெறுதற்கு ஓடக் கற்பது நன்று. பிறர் ஆடுதற்பொருட்டுத் தாம் ஓரத்தில் நிற்கவும் கற்றவரே முழு வீரராவர்.