ஆடுகளமும் ஏடும்: ஆல்தியா கிப்சன்

டென்னிஸ் வீராங்கனை ஆல்தியா கிப்சன் 1927இல் அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நாம் அறிவோம். நியூயார்க்கில் வளர்ந்த அவர், விளையாட்டு மோகத்தால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார்.

1946இல் அவரது ஆட்டத்தைக் கண்ட ஈட்டன், ஜான்சன் என்னும் இரு கறுப்பின மருத்துவர்கள் உதவ முன்வந்தனர். வெள்ளையரின் ஆடுகளங்கள் கறுப்பினத்தவருக்கு அடைபட்டிருந்த காலம் அது. வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், ஈட்டன் இல்லத்தில் மகளைப் போல் தங்கி, அவ்வீட்டு ஆடுகளத்திலேயே பயிற்சி பெற்றார். விட்ட படிப்பையும் தொடர ஏற்பாடாயிற்று. 19 வயதில், தம்மினும் இளைய மாணவியருடன் நாணாது வகுப்பில் அமர்ந்து, 1949இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்.

1957இல் விம்பிள்டனில் வாகை சூடி, எலிசபெத் அரசியாரின் கையால் பரிசு பெற்றார். அங்கு ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே! 2003இல் மறைந்தார்.

விளையாட்டுக்காக ஊரும் பள்ளியும் மாறியும் ஏட்டை மூடாத அவர் வழியில் நாமும் நடப்போமாக!