இன்ஜினைத் தானே பழுது பார்த்த விமானி ஏமி ஜான்சன்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் உறவினரை வழியனுப்பச் செல்லும் நமக்கு, விமானம் ஏறுவது இன்று பேருந்து ஏறுவது போலாகிவிட்டது. அந்த நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஒற்றை இன்ஜின் கொண்ட சிறு விமானத்தில் லண்டனிலிருந்து புறப்பட்டு, மலாயாவைத் தாண்டி ஆஸ்திரேலியா வரை தன்னந்தனியாகப் பறந்தார் ஓர் இளம்பெண். அவர்தான் ஏமி ஜான்சன்.

1903 ஜூலை 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஹல் நகரில் பிறந்தவர். தந்தை மீன் வியாபாரி. பட்டப்படிப்பு முடித்து, லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் விமானம் ஓட்டக் கற்று, 1929இல் உரிமம் பெற்றார். அதோடு நிற்கவில்லை. பட்டறையில் எண்ணெய்க் கறையோடு உழைத்து, விமானப் பொறியாளர் உரிமமும் வாங்கினார். பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவரே.

அந்தப் படிப்புதான் பின்னர் அவரைக் காத்தது. ஒற்றை இன்ஜின் விமானத்தில் அது நின்றுபோனால் மாற்று வழி கிடையாது. விமானம் கல்லைப் போல் விழுந்துவிடாது, மிதந்தபடி இறங்கும். ஆனால், இறங்க ஒரு திடலைத் தேடிக்கொள்ள விமானிக்குச் சில நிமிடங்களே கிடைக்கும்.

1930 மே 5ஆம் தேதி, தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் பண உதவி செய்து வாங்கிய ஜிப்ஸி மோத் விமானத்தில் ஏமி புறப்பட்டார். வழியில் தங்கிய இடங்களில் இன்ஜினைத் தம் கையாலேயே பராமரித்தார். பாக்தாத் அருகே மணற்புயலில் சிக்கிப் பாலைவனத்தில் இறங்கினார். ஜான்சியில் எரிபொருள் போதாமல் இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். ரங்கூன் அருகே இன்செயினில் விமானம் பள்ளத்தில் பாய்ந்து, இறக்கையும் புரொப்பெல்லரும் உடைந்தன. அங்கிருந்த தொழில்நுட்பக் கல்லூரியினர் கைகொடுத்தார்கள். ஜாவாவில் இறங்கியது ஒரு கரும்புத் தோட்டத்தில். மூங்கில் குச்சிகள் கிழித்த இறக்கைக்குக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் போட்டு, மீண்டும் பறந்தார். மே 24இல் டார்வினை அடைந்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்று உலகம் அவரைக் கொண்டாடியது.

இரண்டாம் உலகப் போரில், புதிய விமானங்களை ஆகாயப் படைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5ஆம் தேதி மோசமான வானிலையில் திசை தவறி, தேம்ஸ் முகத்துவாரக் கடலில் பாராசூட்டில் குதித்தார். அவரைக் காப்பாற்றக் குளிர்நீரில் பாய்ந்த கப்பல் அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

அவரைச் சுமந்து சென்ற விமானம் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலுவலக வேலை பார்த்த பெண் ஒருவர், ஸ்பேனர் பிடிக்கவும் கற்றுக்கொண்டதால் எட்டிய தூரம் அது. தொழிற்கல்விக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.