ஏரியை அளந்தவர்

ஓர் ஏரி இன்னும் எவ்வளவு ஜலம் கொள்ளும் என்று கேட்டால், கரையை எத்தனை அடி உயர்த்தலாம் என்றே பெரும்பாலோர் யோசிப்பார்கள். கலிங்கல் வழியாக வருஷந்தோறும் எவ்வளவு போகிறது என்று கணக்கெடுத்தவர் ஸர் எம். விசுவேசுவரய்யா. அணை கட்டியவரென்று அவரைக் கொண்டாடுவோர் பலர். நாமோ, கட்டுமுன் அளந்து பார்த்தவர் என்பதற்காக அவரை அதிகமாக மதிக்கிறோம்.

மைசூர் சம்ஸ்தானத்து முத்தேனஹள்ளியில் 1861-ல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துக் கொண்டே பெங்களூரில் படித்தார். பின்பு பூனாவில் இன்ஜினீயரிங் தேறி, 1884-ல் பம்பாய் மராமத்து இலாகாவில் சேர்ந்தார்.

பூனாவுக்கு அருகே கடக்வாஸ்லாவில், மூதா நதியை மறித்துக் கட்டிய ஏரியொன்று உண்டு. அக்காலத்தில் அதற்கு பைஃப் ஏரி என்று பெயர். கால்வாய்ப் பாசனத்துக்கும் நகரத்தின் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். ஜலம் போதவில்லை. அணையை உயர்த்துவதென்றால் செலவு ஒரு புறம். பழைய சுவர் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற ஐயம் மறு புறம். விசுவேசுவரய்யா கவனித்தது வேறு. வெள்ளக் காலத்தில் கலிங்கலுக்கு மேல் ஆறு, எட்டு அடி உயரம் ஜலம் புரண்டு ஓடியது. அவ்வளவையும் அணை ஏற்கெனவே தாங்கி வந்ததல்லவா? ஆகவே கலிங்கலின்மீது கதவுகளை நிறுத்தி அந்த ஜலத்தைத் தேக்கலாம் என்று கண்டார். ஆனால் நள்ளிரவில் திடீரென்று வெள்ளம் வந்து, கதவைத் திறக்க வேண்டிய காவலாள் அயர்ந்துவிட்டால் அணைக்கே ஆபத்து. அதனால் குறித்த மட்டத்தைத் தாண்டியதும் தாமே திறந்து, வெள்ளம் வடிந்ததும் தாமே மூடிக்கொள்ளும் கதவுகளை வகுத்தார். 1903-ல் அவை அமைந்தன. சுவரில் ஒரு கல்லும் ஏற்றாமல், ஏரியின் கொள்ளளவு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடியது.

தேக்குவதோடு அவர் நிற்கவில்லை. நீரா கால்வாய்ப் பிரதேசத்தில் நிலங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, முறை வைத்து ஜலம் பாய்ச்சும் திட்டத்தையும் வகுத்தார். வயலில் மிச்சப்படும் ஜலமும் ஏரியில் சேர்ந்த ஜலமே என்பது அவர் கணக்கு.

1909-ல் மைசூரின் பிரதம இன்ஜினீயரானார்; 1912 முதல் 1918 வரை திவானாயிருந்தார். கண்ணம்பாடி அணை வேலை 1911-ல் தொடங்கியது. இங்கேதான் நமக்கு அவரோடு வழக்கு. சென்னை சர்க்கார் 80 அடி உயரத்துக்கே சம்மதித்திருக்க, அஸ்திவாரமோ 124 அடிக்கு ஏற்றபடி போடப்பட்டது. 1914-ல் மத்தியஸ்தத் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாயிற்று. சென்னை அதை ஏற்காமல் மேலே முறையிட்டது. 1924 ஒப்பந்தத்தில்தான் தகராறு தணிந்தது. இன்று அவ்வணை சுமார் 4,900 கோடி கன அடி ஜலம் கொள்ளும். அந்த ஒப்பந்தத்துக்குப் பின்பு நாம் 1934-ல் கட்டி முடித்த மேட்டூரின் கொள்ளளவு ஏறக்குறைய 9,350 கோடி கன அடி.

தம் சம்ஸ்தானத்தின் ஊழியர் என்ற முறையில் அவர் செய்ததைக் குறை கூறோம். ஆயினும் கடக்வாஸ்லாவில் அவ்வளவு நுட்பமாக அளந்தவர், காவேரியில் எல்லைக்கு மேலுள்ள கணக்கையே பிரதானமாகக் கொண்டார் என்பது நம் அபிப்பிராயம். மைசூரில் மிச்சமென்று தோன்றிய ஜலம் தஞ்சையின் குறுவைக்கு முதலாயிற்றே! அதைக் கணக்கில் சேர்ப்பது சென்னையின் வேலை என்று அவர் நினைத்திருக்கலாம். சென்னை சர்க்காரும் தன் மேட்டூரைக் கட்டத் தொடங்க 1925 வரையில் காலம் கடத்திற்று.

1955-ல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். 1961 ஜூலை 12-ல், மேலேயிருந்த பான்ஷேத் அணை உடைந்து வந்த வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, பூனா நகரம் மூழ்கியது. தானே திறக்கும் கதவு எதுவும் அந்த வெள்ளத்துக்கு ஈடு கொடுத்திராது. அடுத்த ஏப்ரலில், நூறு வயது கடந்து, விசுவேசுவரய்யா காலமானார். அணையைப் பின்னர் புதுப்பித்தார்கள். பூனா இன்றும் அந்த ஏரியின் ஜலத்தைக் குடிக்கிறது.