சரிந்த அரசை நிமிர்த்திய கொரிய மன்னர் முர்யோங்

பண்டைய கொரியத் தீபகற்பத்தில் கோகுர்யோ, பெக்ஜே, சில்லா என மூன்று பேரரசுகள் வளர்ந்தன. அவற்றுள் பெக்ஜே, கி.பி. 475இல் ஏறக்குறைய அழிந்தே போனது. வடக்கிலிருந்து வந்த கோகுர்யோ படை, இன்றைய சோல் நகரப் பகுதியில் இருந்த அதன் தலைநகரைக் கைப்பற்றி மன்னர் கேரோவைக் கொன்றது. தப்பியவர்கள் தெற்கே சென்று, இன்று கொங்ஜு எனப்படும் உங்ஜினில் புதிய தலைநகரை அமைத்தனர்.

அங்கும் நிம்மதி இல்லை. பிரபுக்களின் பதவிப் போட்டியில் மன்னர்களே பலியாயினர். 501இல் மன்னர் தோங்சோங், பெக் கா என்ற பிரபுவின் சதிக்கு இரையானார். அந்தக் குழப்பத்தில்தான் ஏறக்குறைய 40 வயதில் முர்யோங் அரியணை ஏறினார். சாமா என்பது அவரது இயற்பெயர். கிளர்ச்சி செய்த பெக் காவை ஒடுக்கி, அவனுக்கு மரண தண்டனை விதித்தார்.

வாள் மட்டுமே நாட்டைக் காக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். 506இல் வறட்சி வாட்டியபோது அரசுக் களஞ்சியங்களைத் திறந்து மக்களுக்குத் தானியம் வழங்கினார். 510இல் நீர்க்கரைகளைப் பலப்படுத்தவும், நிலத்தை விட்டு அலைந்தவர்களை மீண்டும் உழவில் ஈடுபடுத்தவும் ஆணையிட்டார். ஜப்பானுக்குக் கன்பூசிய அறிஞரை அனுப்பி நட்பை வளர்த்தார். கோகுர்யோவையும் போர்க்களத்தில் எதிர்த்து நின்றார். 521இல் தென் சீனாவின் லியாங் அரசுக்குத் தூது அனுப்பி, பெக்ஜே மீண்டும் வலிமை பெற்றுவிட்டதை அறிவித்தார். லியாங் பேரரசர் அவருக்குக் கிழக்கை அமைதிப்படுத்தும் பெருந்தளபதி என்ற பட்டத்தை அளித்தார்.

523இல் மன்னர் மறைந்தார். அவரது கல்லறை எது என்பதே பின்னர் மறந்துபோனது.

1971 ஜூலையில், கொங்ஜுவில் இரண்டு பழைய கல்லறைகளுக்குள் நீர் கசியாமல் தடுக்க வடிகால் வேலை நடந்தது. அப்போது தொழிலாளர்கள் ஒரு செங்கல் சுவரைக் கண்டனர். உள்ளே, திருடர் கை படாத ஓர் அரச கல்லறை! வாசலருகே இரண்டு கற்பலகைகள், அவற்றின் மேல் சீன இரும்புக் காசுகள், பின்னால் காவலுக்கு ஒரு கல் விலங்கு. ஒரு பலகையில் சாமா மன்னரின் பெயரும், அவர் 62 வயதில் மறைந்த நாளும், 525இல் அடக்கம் செய்யப்பட்ட நாளும் செதுக்கப்பட்டிருந்தன. மற்றொன்று, மண்ணுலகத் தெய்வங்களிடம் கல்லறைக்கான நிலத்தை விலைகொடுத்து வாங்கியதற்கான பத்திரம்!

அந்தச் சில வரிகள் வரலாற்றையே திருத்தின. 1145இல் தொகுக்கப்பட்ட கொரிய வரலாற்று நூல், அவரைத் தோங்சோங்கின் மகன் என்கிறது. கல்வெட்டின்படி அவர் பிறந்தது 462இல். 479இல் தோங்சோங் சிறுவயதில் அரியணை ஏறியதாக ஜப்பானிய நூல் கூறுவதால், அவர் முர்யோங்கின் தந்தையாக இருந்திருக்க இயலாது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதே வேளையில், மறைந்த ஆண்டைப் பற்றிய அந்தக் கொரிய நூலின் குறிப்பு சரியென்றும் உறுதியானது.

கல்லறையில் இருந்த பொருள்கள், அவர் கட்டியெழுப்பிய உறவுகளுக்குச் சாட்சி. செங்கல் அறை லியாங் பாணியில் அமைந்தது. சவப்பெட்டிகளின் மரம் ஜப்பானில் வளரும் ஒருவகை ஊசியிலை மரம். அரசியின் வெள்ளிக் காப்பில், 520இல் அதைச் செய்த தாரி என்ற கைவினைஞரின் பெயரும் உள்ளது. மன்னரோடு ஒரு தொழிலாளியின் பெயரும் 1,500 ஆண்டுகள் நிலைத்துவிட்டது!

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அங்குக் கிடைத்த சிறு கண்ணாடி மணிகளில், இந்தோ-பசிபிக் மணிகள் எனப்படும் வகையும் அடங்கும். புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டிலும், நம் பேராக் மாநிலத்தின் கோலா செலின்சிங்கிலும் அதே வகை மணிகள் செய்யப்பட்டன. ஆசியாவின் கடல்வழி வணிகம் கொரியா வரை நீண்டிருந்ததற்கு இது சான்று.

மன்னரின் பொன் அணிகலன்களும் கற்பலகைகளும் இன்று கொங்ஜு தேசிய அரும்பொருளகத்தில் உள்ளன. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பெக்ஜே வரலாற்றுப் பகுதிகளில் அவரது கல்லறையும் அடங்கும். ஆயினும், கண்டுபிடித்த உற்சாகத்தில் அந்தக் கல்லறையின் அகழாய்வை ஒரே இரவில் அவசரமாக முடித்ததால் பல தடயங்கள் பதிவாகாமலே போயின. கொரிய ஆய்வாளர்கள் இன்றும் அதை எண்ணி வருந்துகின்றனர். பழம்பொருள் கிடைப்பது பாதி வெற்றிதான். அதைப் பொறுமையாகப் படிப்பதே மீதி என்பதை அந்த ஓர் இரவு உணர்த்துகிறது.